அமைதிப்படைத் தளபதிகள் சொல்லும் குற்றச்சாட்டு: இலக்கை யார் எழுதினார்கள்?

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே, இந்திய அமைதி காக்கும் படையாக, செகந்திராபாத்தைச் சேர்ந்த 54ஆவது காலாட்படை டிவிஷனின் முதல் துருப்புகள் பலாலி விமானத் தளத்தில் இறங்கத் தொடங்கின. டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். ஒட்டுமொத்தப் படைத் தளபதி, புனேயிலிருந்த தெற்குக் கட்டளையகத்தின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங். டெல்லியில் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் கே. சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். கடைசித் துருப்புகள் 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டு வந்தபோது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். இறந்த தமிழ்ப் பொதுமக்களின் எண்ணிக்கையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இன்றுவரை இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு இந்தத் தளபதிகள் எழுதினார்கள், பேசினார்கள். தீபிந்தர் சிங்கும், ஹர்கிரத் சிங்குக்குப் பின் 54ஆவது டிவிஷனை யாழ்ப்பாணத்தில் நடத்திய எஸ்.சி. சர்தேஷ்பாண்டேயும் 1990களின் தொடக்கத்திலேயே நூல் எழுதிவிட்டார்கள். ஹர்கிரத் சிங்கின் நூல், படை இலங்கை போய் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து வந்தது. பின்னாளில் படையை நடத்திய லெப்டினன்ட் ஜெனரல் ஏ.எஸ். கல்கட் பல நேர்காணல்கள் கொடுத்திருக்கிறார். நால்வரும் பல இடங்களில் முரண்படுகிறார்கள், சில இடங்களில் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு ஒரே திசையில் போகிறது: வெளியுறவுக் கொள்கையின் நோக்கம் இராணுவ உத்தரவாக மாறும் இடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அந்தத் துண்டு எது, ஏன் விடுபட்டது, இப்போதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒப்பந்தத்தின் வாசகத்திலிருந்தே தொடங்கலாம். தீர்மானங்களுக்கு இந்திய அரசு உத்தரவாதம் அளித்து, அவற்றை நடைமுறைப்படுத்த ஒத்துழைக்கும் என்கிறது அது. இணைப்பில், தேவைப்பட்டால் இலங்கை ஜனாதிபதி இந்திய அமைதி காக்கும் படையை அழைக்கலாம், அது போர்நிறுத்தத்துக்கு உத்தரவாதமாக நின்று அதை அமல்படுத்தும் என்கிறது. போர்நிறுத்தம் 48 மணி நேரத்தில் வர வேண்டும். அதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளிக் குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதத்தைக் கையில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் கையெழுத்திடவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பேசிய பிரபாகரன், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. இந்தியாவோடு போரிட விரும்பவில்லை என்பதால் ஆயுதங்களை ஒப்படைப்பதாகச் சொன்னார்.

ஒரு காலாட்படைத் தளபதியின் கண்ணில் இந்த வாசகம் எப்படிப் படும்? அமைதி காப்பது ஒரு வேலை. இரு தரப்பும் சம்மதித்து நிற்கும்போது நடுவில் நிற்பது அது; சோதனைச் சாவடி, ரோந்து, முகாம் கண்காணிப்பு போதும். அமல்படுத்துவது வேறு வேலை. ஒரு தரப்பு மறுத்தால் அதை அடிக்க வேண்டும். அதற்குப் பீரங்கி, பொறியாளர் பிரிவு, மருத்துவப் பின்தளம், முன்கூட்டியே வேவு, துல்லியமான வரைபடம் எல்லாம் தேவை. முதல் வேலைக்கு அனுப்பும் படையின் அளவும் அமைப்பும் இரண்டாவது வேலைக்குப் பொருந்தாது. 54ஆவது டிவிஷன் முதல் வேலைக்கான மனநிலையோடு போனது. பட்டாலியன்கள் முழு ஆள் பலத்தில் வரவில்லை, யாழ்ப்பாணத்தின் நல்ல வரைபடங்கள் கையில் இல்லை, தமிழ் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று தளபதிகள் எழுதுகிறார்கள். புலிகளின் ஏகே-47க்கு எதிரே வீரர்களிடம் இருந்தது நீளமான, ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்எல்ஆர் துப்பாக்கி. இவையெல்லாம் ஏதோ கிடங்கு அதிகாரியின் அலட்சியத்தால் வந்தவை என்று வாசித்தால் விஷயம் தவறிப்போகும். எந்த வேலைக்குப் போகிறோம் என்று முடிவாகாத படைக்கு எதை ஏற்றி அனுப்புவது என்றும் முடிவாகாது.

செப்டம்பரும் அக்டோபரும்

தளபதிகளின் வாதம் வலுவாக நிற்பது ஆகஸ்டுக்கும் அக்டோபர் 10க்கும் இடைப்பட்ட பத்து வாரங்களில்தான்.

செப்டம்பர் 15 அன்று நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் தொடங்கினார். 26ஆம் தேதி இறந்தார். இதே செப்டம்பர் நடுவில்தான் ஹர்கிரத் சிங்கின் மிகப் பெரிய குற்றச்சாட்டு வருகிறது. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யவோ சுடவோ வேண்டும் என்று கொழும்பிலிருந்த இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் தொலைபேசியில் தனக்குச் சொன்னதாகவும், தீபிந்தர் சிங்கைக் கலந்துகொண்டு, வெள்ளைக்கொடியின் கீழ் பேச வருபவரை இராணுவம் சுடாது என்று தான் மறுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தபோது தீட்சித் உயிருடன் இல்லை. 2005 ஜனவரியில் இறந்துவிட்டார். தீட்சித் தம் நினைவுகளில் அப்படியொரு உத்தரவைப் பற்றிச் சொல்லவில்லை. எனவே ஒரு தரப்பின் கூற்றாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு தூதர் டிவிஷன் தளபதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் எதையாவது சொல்ல முடிந்தது, அதற்கு எழுத்துப் பதிவு இல்லை, மறுப்புக்கும் பதிவு இல்லை. உத்தரவு உண்மையா பொய்யா என்று இன்று யாராலும் நிறுவ முடியாததற்குக் காரணமே அதுதான்.

அக்டோபர் 3 அன்று புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 17 புலிகளை இலங்கைக் கடற்படை கடலில் பிடித்தது. பலாலியில் வைத்தார்கள். இலங்கைத் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி அவர்களை விசாரணைக்குக் கொழும்பு கொண்டுபோக வேண்டும் என்றார். கொண்டுபோனால் போர்நிறுத்தம் முடிந்துவிடும் என்று ஹர்கிரத் சிங்கும் தீபிந்தர் சிங்கும் எச்சரித்தார்கள். தாமும் ஜெயவர்த்தனவிடம் வேண்டாம் என்று வாதாடியதாக தீட்சித் எழுதுகிறார். அப்படியானால் களத்தில் இருந்த இந்திய அதிகாரிகள், தூதர் உட்பட, எல்லோருக்கும் ஒரே கருத்து! ஆனாலும் அக்டோபர் 5 அன்று, மேலிருந்து வந்த உத்தரவின்படி இந்தியக் காவல் விலகியது. இலங்கைச் சிப்பாய்கள் உள்ளே போனார்கள். பிடிபட்டவர்கள் சயனைடு விழுங்கினார்கள். 12 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், பிடிபட்ட இந்தியக் கமாண்டோக்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 10 அன்று புலிகளின் ஆயுதங்களைக் களையும் நடவடிக்கை தொடங்கியது. ஆபரேஷன் பவன் என்று அதற்குப் பெயர்.

இந்தப் பத்து வாரத்தில் இந்தியாவின் நோக்கம் என்னவாக இருந்தது என்று எழுதிப் பார்த்தால் சிக்கல் புரியும். புலிகளை ஒப்பந்தத்துக்குள் வைத்திருப்பதுதான் நோக்கம் என்றால் 17 பேரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஜெயவர்த்தனவின் அரசைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் முதல் வாரத்திலேயே ஆயுதக் களைவைக் கடுமையாக நடத்தியிருக்க வேண்டும். மூன்றாவது நாடு எதுவும் திருகோணமலைக்குள் வராமல் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் (ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் இருந்தன) யாழ்ப்பாணத்தில் ஒரு டிவிஷனை இறக்கவே தேவையில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் நோக்கமாக இருந்தன. எது முதலில் என்று யாரும் எழுதித் தரவில்லை. முன்னுரிமை இல்லாத இடத்தில் ஒவ்வொரு நாளும் கடைசியாக யார் தொலைபேசியில் பேசினாரோ அவர் சொன்னது கொள்கையாகிவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அக்டோபர் 11 இரவு

கொள்கைக் குழப்பம் களத்தில் எப்படி உயிரிழப்பாகிறது என்பதற்கு இந்த ஓர் இரவு போதும். புலித் தலைமை பல்கலைக்கழக வளாகப் பகுதியில் கூடியிருப்பதாகத் தகவல். 10 பாரா கமாண்டோக்களையும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையையும் எம்ஐ-8 ஹெலிகாப்டர்களில் விளையாட்டு மைதானத்தில் இறக்கி, தலைமையைப் பிடித்துவிடுவது திட்டம். ஒரு நடையில் ஒரு சிறு பிரிவைத்தான் ஏற்ற முடியும். ஆகவே பலமுறை பலாலிக்கும் மைதானத்துக்கும் போய்வர வேண்டும். முதல் நடை இறங்கியதுமே திடீர்த் தாக்குதலின் பலன் போய்விட்டது. இந்திய வானொலித் தொடர்பைப் புலிகள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததால் அவர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஹெலிகாப்டர்கள் குண்டடிபட்டு, அடுத்த நடைகள் நின்றன. காலாட்படையில் இறங்கியவர்கள் ஒரே ஒரு பிளாட்டூன், 30 பேர். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களில் ஆறு பேர் இறந்தார்கள். மற்றவர்கள் வீடுகளுக்குள் நின்று சண்டையிட்டு, டாங்கிகள் ரயில் பாதை வழியே வந்து சேரும்வரை தாக்குப்பிடித்தார்கள்.

இதில் ஹர்கிரத் சிங்கின் பொறுப்பு இல்லையா? உண்டு. வேவு உறுதியாகாத இடத்தில், நிலா வெளிச்சத்தில், ஒரே இறங்குதளத்தில், பாதுகாப்பற்ற வானொலியோடு துண்டு துண்டாகப் படையை இறக்குவது தந்திர அளவிலான தவறு. எந்தத் தூதரும் அதைத் திட்டமிடவில்லை. நினைவுநூல்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரமாக நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த அவசரத் தாக்குதலுக்கான உந்துதல் மேலிருந்து வந்தது. தலைமையைப் பிடித்துவிட்டால் சில நாளில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை டெல்லியில் இருந்தது. அந்த நம்பிக்கையை அங்கே விதைத்தவர்களில் இராணுவத் தலைமையும் உண்டு. புலிகள் எதிர்த்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு சுந்தர்ஜி தைரியமான மதிப்பீடு கொடுத்தார் என்று தீட்சித் எழுதுகிறார். இராணுவ வழியில் இறங்கினால் பத்து, இருபது ஆண்டு கெரில்லாப் போரில் சிக்கிக்கொள்வோம் என்று தாம் எச்சரித்ததாகவும், தோல்வி மனப்பான்மை வேண்டாம் என்று சுந்தர்ஜி பதில் சொன்னதாகவும் தீபிந்தர் சிங் எழுதுகிறார். இந்த இரண்டு சாட்சியங்களும் எதிரெதிர் முகாம்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் பொருந்துகின்றன. அதனால் அவற்றை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

அப்படியானால் வழக்கமான புலம்பலை, அதாவது அரசியல்வாதிகளும் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகளும் சிப்பாய்களைக் கேட்காமல் போருக்கு அனுப்பினார்கள் என்பதை, அப்படியே ஏற்க முடியாது. கேட்டார்கள். கேட்கப்பட்டவர் ஒருவர், சுந்தர்ஜி. களத் தளபதியின் மாற்றுக் கருத்து அவரோடு நின்றுவிட்டது. பிரதமரின் மேசைக்கு எழுத்தில் போய்ச் சேரவில்லை. தரைப்படைத் தலைமைத் தளபதி படையின் தலைவராகவும் அரசின் ஆலோசகராகவும் ஒரே நேரத்தில் இருந்தால், தன் படையால் முடியாது என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எத்தனை மேலதிகாரிகள்

54ஆவது டிவிஷன் தலைமையகம் பலாலியில். ஒட்டுமொத்தத் தளபதி சென்னையில் முன்னிலைத் தலைமையகம் வைத்திருந்தார். அவருடைய நிரந்தர இருக்கை புனே. கடற்படையும் விமானப்படையும் பங்கேற்றன, ஆனால் அவற்றின் தலைமையகங்கள் டெல்லியில் தனித்தனி. இராணுவத் தலைமையகம் டிவிஷனோடு நேரடியாகப் பேசும். தூதரகம் பேசும். இதற்கு வெளியே இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ரா. 1983க்குப் பின் போராளிக் குழுக்களுக்கு உத்தராகண்டின் சக்ராதாவிலும் (அன்று உத்தரப் பிரதேசம்) தமிழ்நாட்டிலும் பயிற்சி கொடுத்தது அதுதான். படை போரில் இருக்கும்போதே சென்னையில் புலித் தளபதி கிட்டு மூலமாகப் புலிகளோடு அது பேசிக்கொண்டும் இருந்தது. ஒரு கை சுட, இன்னொரு கை பேசுவதில் தவறில்லை. எல்லாப் போரிலும் அது உண்டு. பேசுவது என்ன என்று சுடுகிறவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் தவறு.

தமிழ்நாட்டுப் பின்தளம் தளபதிகளை மிகவும் உறுத்திய விஷயம். எம்ஜிஆர் 1987 டிசம்பர் 24 அன்று இறக்கும்வரை முதல்வர். புலிகளுக்குப் பணம் கொடுத்தவர். மருந்தும் எரிபொருளும் பாக் நீரிணை வழியே போய்க்கொண்டிருந்தன, காயம்பட்ட புலிகள் இக்கரையில் சிகிச்சை பெற்றார்கள். 1990இல் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழ்நாட்டு மக்களின் உணர்வைப் புரியாத தளபதிகள் இதைத் துரோகம் என்கிறார்கள். புரிந்துகொண்டு பார்த்தால் வேறு பாடம் தெரியும்: ஒரு மாநிலத்தின் உணர்வோடு இவ்வளவு பின்னிப்பிணைந்த போரைத் தொடங்குமுன் அந்த மாநிலத்தை என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். திட்டத்தில் அது இல்லை.

கல்கட் காலத்தில் படை நான்கு டிவிஷன்களாக வளர்ந்தது: யாழ்ப்பாணத்தில் 54, திருகோணமலையில் 36, மட்டக்களப்பில் 57, வவுனியாவில் 4. வட கிழக்கு மாகாண சபைத் தேர்தல் 1988 நவம்பரில் நடந்தது, வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். எங்களுக்கு இட்ட பணியை முடித்தோம், அரசியல்தான் கைவிட்டது என்பது கல்கட் தரப்பு. இதை முழுதாக ஏற்பது கடினம். தேர்தலை நடத்திக்கொடுத்த படை அதே ஆட்சிக்குத் துணையாகத் தமிழ் தேசிய இராணுவம் என்று ஒன்றை 1989இல் உருவாக்க உதவியது. இளைஞர்களை வீதியில் பிடித்துச் சேர்த்தார்கள். இந்தியப் படை விலகத் தொடங்கியதும் அந்த ஆயுதங்களில் பெரும்பகுதி புலிகளின் கைக்குப் போயிற்று. 1989 ஜூன் 1 அன்று, ஜெயவர்த்தனவுக்குப் பின் ஜனாதிபதியான பிரேமதாச, ஜூலை 29க்குள் படை போக வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். படையை அழைத்த நாட்டின் தலைவரே போ என்கிறார், புலிகளுக்கு ஆயுதமும் கொடுக்கிறார். இந்த நிலை வரலாம், வந்தால் எந்த நாளில் எந்த நிபந்தனையில் திரும்புவோம் என்று 1987இல் யாராவது ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தால் ஒன்பது மாத இழுபறி தவிர்க்கப்பட்டிருக்கும்.

சொல்லாமல் விட்டது

தளபதிகளின் நூல்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போரிட்டோம், கனரக ஆயுதங்களைத் தவிர்த்தோம் என்று எழுதும் தளபதிகள் இந்த நாட்களை ஓரிரு வரியில் கடக்கிறார்கள், அல்லது இருதரப்புத் துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். சர்தேஷ்பாண்டே இதில் கொஞ்சம் விதிவிலக்கு. புலிகளின் அர்ப்பணிப்பையும் கட்டுப்பாட்டையும் வெளிப்படையாக மதிப்பவர், மக்கள் மனம் எங்கே இழக்கப்பட்டது என்பதையும் பேசுபவர்.

கொள்கையைப் பற்றிய அவர்கள் வாதத்துக்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பு உண்டு. எப்போது சுடலாம், மருத்துவமனை, கோவில், பள்ளி போன்ற இடங்களில் என்ன விதி, விதி மீறினால் யார் விசாரிப்பார்கள் என்பது நோக்கத்திலிருந்து இறங்கி வர வேண்டிய உத்தரவு. மக்களைக் காப்பதே நோக்கம் என்று மேலே எழுதியிருந்தால், மருத்துவமனைக்குள் எதிரி இருந்தாலும் சுற்றி வளைத்துக் காத்திருப்பதுதான் வழி. நகரத்தைச் சீக்கிரம் பிடிப்பதே நோக்கம் என்று வாய்மொழியாக வந்தால் வேறு விதமாகத்தான் முடியும்.

அதே அரசு, அடுத்த ஆண்டு

1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. தாக்கியவர்கள் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த ஈழத்து ஆட்கள், அழைத்துவந்தவர் அப்துல்லா லுத்தூஃபி என்ற மாலத்தீவு வணிகர். அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து ஐஎல்-76 விமானங்களில் 50ஆவது பாரசூட் பிரிகேட் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் இடைநில்லாமல் பறந்து ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கியது. விமானத்தில் பிரிகேடியரோடு மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் ஏ.கே. பானர்ஜியும் இருந்தார். கயூம் மீட்கப்பட்டார். கப்பலில் தப்பியவர்களை ஐஎன்எஸ் கோதாவரியும் பேத்வாவும் நடுக்கடலில் மடக்கின.

இதே பிரதமர், இதே தரைப்படை, அமைதிப்படை இலங்கையில் சிக்கியிருந்த அதே ஆண்டு. மாலத்தீவு சிறிய நாடு, எதிரிகள் நூறு பேர்கூட இல்லை என்பது உண்மைதான். அளவில் ஒப்பிட முடியாது. ஆனால் அமைப்பில் ஒப்பிடலாம். அங்கே நோக்கம் ஒரே வரி: அதிபரை உயிரோடு மீட்டு அவரிடம் ஆட்சியைக் கொடு. அழைத்தவர் யார் என்பதில் குழப்பமில்லை. தூதரும் தளபதியும் ஒரே விமானத்தில். எதிரிக்கு வேறு எந்த இந்திய அமைப்போடும் பேச்சு இல்லை. வேலை முடிந்தது என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அவசரத்தில் தவறுகள் அங்கும் நடந்தன. ஆனால் நோக்கம் தெளிவாக இருந்ததால் அவை திருத்தக்கூடிய தவறுகளாகவே நின்றன.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்

கார்கில் போர் முடிந்ததும் 1999 ஜூலை 29 அன்று திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைந்தது. அறிக்கையின் பெரும்பகுதி வெளியிடப்பட்டது. குழு அமைந்த நாள், இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு. ஆனால் அமைதிப்படைக்கு அப்படியொரு பொது ஆய்வு நடக்கவே இல்லை. எனவேதான் ஓய்வுபெற்ற தளபதிகளின் நூல்கள் இவ்வளவு கனம் சுமக்கின்றன.

கார்கில் குழுவைத் தொடர்ந்து 2001இல் அமைச்சர்கள் குழு முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020 ஜனவரி 1 அன்றுதான் ஜெனரல் பிபின் ராவத் அந்தப் பதவியில் அமர்ந்தார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபின் ஒன்பது மாதத்துக்கும் மேல் இருக்கை காலி. 2022 செப்டம்பர் இறுதியில் அனில் சௌகான் வந்தார். அந்தப் பதவிக்குப் போர் நடத்தும் அதிகாரம் இல்லை. அரசின் ஆலோசகர், இராணுவ விவகாரத் துறையின் செயலாளர். அமைதிப்படைக் கண்ணாடியில் பார்த்தால் இது சரியான திசை. படையை நடத்துபவரும் அரசுக்கு ஆலோசனை சொல்பவரும் ஒரே ஆளாக இருந்ததுதானே சுந்தர்ஜி காலத்துக் கோளாறு. ஆனால் மறுபாதி, அதாவது ஒரு போர்முனைக்கு மூன்று படையும் சேர்ந்து ஒரே தளபதி என்பது, அந்தமான் நிகோபார் கட்டளையகம் தவிர மற்ற இடங்களில் 2025 வரை விவாதமாகவே இருந்தது.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி 1998இல் வந்தது. பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், எம்.கே. நாராயணன், சிவசங்கர் மேனன், அஜித் தோவல்: ஐவரும் வெளியுறவுப் பணியோ காவல் பணியோ. இராணுவத்திலிருந்து யாரும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது பெயர்களைக் கவனியுங்கள். ஒருவர் 1987இல் கொழும்பில் தூதர், இன்னொருவர் அதே காலத்தில் உளவுத்துறை இயக்குநர். அமைதிப்படைத் தளபதிகள் யாரைக் குறை சொன்னார்களோ அந்த வட்டத்திலிருந்து இருவர் நாட்டின் பாதுகாப்பு ஆலோசகரானார்கள். தளபதிகளில் ஒருவரும் ஆகவில்லை. இதை வைத்துச் சதி என்று எழுதுபவர்கள் உண்டு, அவ்வளவு தேவையில்லை. இருவருமே திறமைசாலிகள். ஆனால் ஜெனரல்கள் நினைவுநூல் எழுதினார்கள், அதிகாரிகள் பதவி வகித்தார்கள் என்பதால் அந்த நூல்களின் கசப்புக்கு ஒரு பின்புலம் கிடைக்கிறது.

இராணுவம் பாடம் கற்றதா? செயலில் பார்த்தால், ஓரளவு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்து யாழ்ப்பாணத்தில் இலங்கைப் படை சிக்கியபோது கொழும்பு உதவி கேட்டது. டெல்லி படை அனுப்ப மறுத்தது. 2003இல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன் அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. ஐநா ஆணை இல்லாமல் முடியாது என்று ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முடிவு செய்தது. யாருடைய கட்டளையில், எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு காலம் என்று அந்த விவாதத்தில் எழுந்த கேள்விகள் தீபிந்தர் சிங்கின் தலைமுறை கேட்டவைதான்.

நாட்டின் சொந்த எல்லையில் கதை வேறு. 2020 ஆகஸ்ட் 31 இரவு கிழக்கு லடாக்கின் ரெசாங் லா பக்கம் ரெச்சின் லா மலைமுகட்டை நோக்கிச் சீன டாங்கிகள் ஏறி வந்தன. அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி எம்.எம். நரவணே என்ன செய்வது என்று மேலே கேட்டார். பிரதமரோடு பேசிவிட்டு வந்த பாதுகாப்பு அமைச்சர், உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள், இது முழுக்க இராணுவ முடிவு என்று தொலைபேசியில் சொன்னதாக நரவணேயின் நினைவுநூலிலிருந்து 2023 டிசம்பரில் ஒரு செய்தி முகமை வெளியிட்ட பகுதி கூறுகிறது. அணு ஆயுத நாடு ஒன்றின் டாங்கிகள் மீது முதல் குண்டைச் சுடுவது முழுக்க இராணுவ முடிவாக இருக்கவே முடியாது. 1987இல் தளபதிக்கு உத்தரவிட ஆள் அதிகம். 2020இல் உத்தரவே இல்லை. இரண்டிலும் எழுத்து இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் பரிசீலனைக்காக அந்த நூலின் வெளியீடு 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.